ஆலன் ஷியரர்: 260 கோல், இரண்டு ஆட்டக்காரர்கள்

டைன்கரை

இங்கிலாந்தின் முதல்தரக் கால்பந்து லீக்கான பிரீமியர் லீக்கில் ஆலன் ஷியரரின் கோல் சாதனை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் 260 என்ற எண்ணை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். அந்த எண்ணுக்குள் இரண்டு ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது என் வாதம். 1997 ஜூலைக்கு முந்தைய ஷியரர் ஒருவர், அதற்குப் பிந்தையவர் இன்னொருவர். பெயரும் சட்டை எண்ணும் ஒன்றுதான், ஆட்டம் வேறு.

முதலில் கணக்கு. பிளாக்பர்ன் கிளப்பில் 1992-93இல் 21 ஆட்டத்தில் 16 கோல், 1993-94இல் 40க்கு 31, 1994-95இல் 42க்கு 34, 1995-96இல் 35க்கு 31. பிறகு நியூகாசில்: 1996-97இல் 31க்கு 25. இதுவரை கூட்டினால் 169 ஆட்டம், 137 கோல்.

அடுத்தது: 1997-98இல் 17க்கு 2, 1998-99இல் 30க்கு 14, 1999-2000இல் 37க்கு 23, 2000-01இல் 19க்கு 5, 2001-02இல் 37க்கு 23, 2002-03இல் 35க்கு 17, 2003-04இல் 37க்கு 22, 2004-05இல் 28க்கு 7, கடைசி சீசனில் 32க்கு 10. மொத்தம் 272 ஆட்டம், 123 கோல்.

முதல் பாதியில் ஆட்டத்துக்கு 0.81. இரண்டாம் பாதியில் 0.45. நடுவில் நடந்தது ஒரு கணுக்கால் முறிவு. இரண்டாம் ஷியரரைத் தேய்ந்துபோன முதல் ஷியரர் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர் வேறொரு ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தவர். அதைப் பற்றித்தான் இந்த இழை. தெரிந்தவர்கள் விவரத்தோடு எழுதுங்கள்.

புதுக்காலணி

அவர் தொடங்கிய கிளப், சவுத்தாம்ப்டனை விட்டுவிட்டீர்களே அண்ணா? ஆர்சனலுக்கு எதிராக 17 வயதில் ஹாட்ரிக் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. ஆனால் அங்கே மொத்தக் கோல் எண்ணிக்கை ரொம்பக் குறைவாகத் தெரிகிறதே. ஏன்?

ஆறுகெஜம்

நல்ல கேள்வி தம்பி. பலர் தாண்டிப் போகிற இடம் இது.

நியூகாசில் பக்கத்து கோஸ்ஃபோர்த்தில் பிறந்து, வால்சென்ட் பாய்ஸ் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த பையனை ஜாக் ஹிக்ஸன் என்ற திறமை தேடுபவர் கண்டுபிடித்து சவுத்தாம்ப்டனுக்கு அனுப்பினார். 1988 மார்ச்சில் செல்சிக்கு எதிராக மாற்று வீரராக முதல் ஆட்டம். ஏப்ரல் 9ஆம் தேதி ஆர்சனலுக்கு எதிராக முதல் முறை தொடக்கத்திலிருந்தே இறங்கி ஹாட்ரிக், 4-2 வெற்றி. வயது 17 வருடம் 240 நாள். முதல் டிவிஷனில் (1992இல் பிரீமியர் லீக் வரும் முன்பு இருந்த முதல்தர லீக்) மிக இளம் வயதில் ஹாட்ரிக் என்று ஜிம்மி கிரீவ்ஸ் வைத்திருந்த சாதனை அன்றைக்கு உடைந்தது.

அதற்குப் பிறகு பார்: 1988-89இல் 10 ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. 1989-90இல் 26க்கு 3. 1990-91இல் 36க்கு 4. கடைசி சீசனில்தான் 41க்கு 13. மொத்தம் 118 ஆட்டம், 23 கோல்.

காரணம், அந்த அணியில் கோல் அடிப்பது அவர் வேலையே இல்லை. மேட் லெ டிசியே, ராட் வாலஸ் இருவரும் ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து அடிப்பார்கள். 1989-90இல் லெ டிசியே மட்டும் லீக்கில் 20 அடித்தார். ஷியரர் நடுவில் நின்று, முதுகில் டிஃபெண்டரைச் சுமந்தபடி நீளப் பந்துகளைப் பிடித்து அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அந்த நான்கு வருடமும் அவருக்கு வீணாகவில்லை. டைன்கரை சொல்கிற ‘இரண்டாம் ஷியரர்’ 1997க்குப் பிறகு கையில் எடுத்தது சவுத்தாம்ப்டனில் கற்ற இந்தப் பாடத்தைத்தான்.

கோல் அடிக்கும் திறமை அப்போதே இருந்தது என்பதற்குச் சாட்சி 21 வயதுக்குட்பட்ட இங்கிலாந்து அணி: 11 ஆட்டத்தில் 13 கோல். 1991இல் டூலோன் போட்டியில் மட்டும் 4 ஆட்டத்தில் 7.

ரோவர்ஸ்95

பிளாக்பர்ன் பகுதியை நான் எழுதுகிறேன்.

1992 கோடையில் சுமார் 36 லட்சம் பவுண்டு, பிரிட்டனில் அன்றைக்கு சாதனைத் தொகை. இந்தப் பேரத்தில் டேவிட் ஸ்பீடி சவுத்தாம்ப்டனுக்குப் போனார். கிளப் உரிமையாளர் ஜாக் வாக்கரின் பணம், மேனேஜர் கென்னி டால்கிலிஷின் கண். முதல் ஆட்டத்திலேயே கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக இரண்டு கோல், 3-3. டிசம்பர் 26இல் லீட்ஸுக்கு எதிராக இரண்டு அடித்த அதே ஆட்டத்தில் முழங்காலில் ஏ.சி.எல். என்ற தசைநார் அறுந்தது. சீசன் முடிந்தது. அந்தக் காலத்தில் ஏ.சி.எல். அறுந்தால் பழைய வேகத்தில் திரும்புவது அரிது. அவர் திரும்பிவந்து 31 அடித்தார்.

அந்த அணியின் இயக்கம் ஒளிவுமறைவு இல்லாதது. இடது ஓரத்தில் ஜேசன் வில்காக்ஸ், வலது ஓரத்தில் ஸ்டூவர்ட் ரிப்ளி. இருவரும் உள்ளே வெட்ட மாட்டார்கள், கோட்டை ஒட்டி ஓடி கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் அனுப்பும் பந்து) போடுவார்கள். 1994இல் 50 லட்சம் பவுண்டுக்கு கிறிஸ் சட்டன் வந்தார். முதல் பந்துக்குச் சட்டன் எழும்புவார், ஷியரர் அவர் தோளுக்குப் பின்னால் இருந்து புறப்படுவார். ஸென்டர் பேக் (எதிரணியின் நடுத் தடுப்பாளர்) இருவரும் சட்டனைப் பார்த்துவிட்டால் ஷியரர் தூரக் கம்பத்தில் தனியே நிற்பார். சட்டனை விட்டு ஷியரரைப் பிடித்தால் சட்டன் அடிப்பார். 1994-95இல் அணியின் 80 லீக் கோல்களில் ஷியரர் 34, சட்டன் 15. இருவரும் சேர்ந்து 49.

கடைசி நாள் லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் ஷியரர் முதலில் அடித்தும் 2-1 தோல்வி, ஜேமி ரெட்னாப்பின் ஃபிரீ கிக்கில். அதே நேரம் வெஸ்ட் ஹாமில் மான்செஸ்டர் யுனைடெட் 1-1. பிளாக்பர்ன் 89 புள்ளி, யுனைடெட் 88. அவருடைய ஒரே பெரிய கோப்பை அதுதான்.

அடுத்த வருடம் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் ஸ்பார்ட்டக் மாஸ்கோ, லெஜியா வார்சா, ரோசன்போர்க் இருந்த குழுவில் கடைசி இடம். அங்கே ஏன் இந்த ஆட்டம் செல்லவில்லை? அந்த அணிகள் ஓரத்தில் கிராஸ் போட விட்டுவிட்டு கோலுக்கு முன்னால் உள்ள பாக்ஸுக்குள் ஆட்களைக் குவித்தன. பந்து பறிபோனதும் நடுக்களத்தில் பிளாக்பர்னுக்கு இரண்டே பேர். இங்கிலாந்தில் அந்த இரண்டு பேர் போதும், ஐரோப்பாவில் போதவில்லை.

கணக்குப்பிள்ளை

சில எண்களைச் சேர்க்கிறேன், சிலவற்றோடு சண்டை போடுகிறேன்.

‘பெனால்டியால் ஏறிய கணக்கு’ என்பவர்களுக்கு: பிரீமியர் லீக்கில் 67 பெனால்டி எடுத்து 56 கோல், 11 தவறின. அதைக் கழித்தாலும் 204. தலையால் அடித்தவை 46. பீட்டர் கிரவுச் 53 அடித்திருக்கிறார், ஆனால் கிரவுச்சின் உயரத்தைப் பாருங்கள். ஷியரர் ஆறடிக்காரர்.

இப்போது சண்டை. எல்லோரும் 34 கோல் சீசனைத்தான் உச்சம் என்கிறார்கள். அது 42 ஆட்ட சீசன், ஆட்டத்துக்கு 0.81. அடுத்த சீசனில் 35 ஆட்டத்தில் 31, அதாவது 0.89. பிளாக்பர்ன் அந்த வருடம் 7ஆம் இடம், அணியின் மொத்த கோல் 61. பாதிக்கு மேல் ஒரே ஆள். ஒரே சீசனில் ஐந்து ஹாட்ரிக், அதுவும் 1995-96இல்தான். சாம்பியன் அணியில் அடித்த 34ஐ விட, தடுமாறிய அணியில் அடித்த இந்த 31தான் பெரிது என்பேன்.

34 என்ற எண்ணை ஷியரரும் ஆண்டி கோலும் பகிர்ந்து வைத்திருந்தார்கள். ஆண்டி கோல் அதை எட்டியது 1993-94இல், அதுவும் 42 ஆட்ட சீசன். 2022-23இல் மான்செஸ்டர் சிட்டியின் ஹாலண்ட் 35 ஆட்டத்தில் 36 அடித்தபோது அது போயிற்று. முதல் 100 கோலை ஷியரர் 124 ஆட்டத்தில் எட்டினார், அதையும் ஹாலண்ட்தான் 111இல் முந்தினார். இதை மறைக்க வேண்டியதில்லை. 260ஐத் தொட ஹாலண்ட் இன்னும் பல வருடம் பிரீமியர் லீக்கில் ஆட வேண்டும். ஹேரி கேன் 213இல் ஜெர்மனிக்குப் போய்விட்டார், ரூனி 208இல் நிற்கிறார்.

டைன்கரை

31 பற்றி கணக்குப்பிள்ளை சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன்.

இனி 1997. முந்தைய கோடையில் நியூகாசில் 1.5 கோடி பவுண்டு கொடுத்து, அன்றைய உலக சாதனைத் தொகையில், அவரை எடுத்திருந்தது. மேனேஜர் கெவின் கீகன் வாங்கினார். ஜனவரியில் கீகன் விலகியதும் டால்கிலிஷ் வந்தார். லெஸ் ஃபெர்டினாண்டும் ஷியரரும் சேர்ந்து அந்த ஒரு சீசனில் லீக்கில் 41 கோல். 68 புள்ளியோடு இரண்டாம் இடம்.

ஜூலை கடைசியில் குடிசன் பார்க்கில் சீசனுக்கு முந்தைய ஒரு கோப்பை ஆட்டம், எதிரணி செல்சி. ஆட்டம் முடியப்போகிற நேரம். எட்டாத பந்துக்குக் காலை நீட்டினார், பூட் புல்லில் சிக்கியது, உடம்பு முன்னால் போனது, கால் பின்னால் நின்றது. கெண்டைக்கால் எலும்பு முறிவு, கணுக்கால் தசைநார் கிழிவு. சீசன் கணக்கில் சேரும் ஆட்டம்கூட இல்லை அது. அதே நேரத்தில் ஃபெர்டினாண்டை டோட்டன்ஹாமுக்கு விற்கும் பேரம் முடிந்துகொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தார்கள், முடியவில்லை. ஒரே வாரத்தில் 41 கோல் போனது.

1998 ஜனவரியில் போல்டனுக்கு எதிராகத் திரும்பினார். திரும்பியவரிடம் இல்லாதது இதுதான்: முதல் மூன்று அடியின் வெடிப்பு. பிளாக்பர்னில் ஸென்டர் பேக்குகளுக்கு நடுவிலான இடைவெளியில் பந்து விழுந்தால் அவர் ஓடிப்போய் எடுப்பார். கணுக்கால் முழு பலத்தோடு தரையைத் தள்ளாவிட்டால் அந்த ஓட்டம் கிடையாது. அரை கெஜம் குறைந்தால் போதும், டிஃபெண்டர் தோள் வைத்துவிடுவார்.

1998, 1999 இரண்டு வருடமும் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் 2-0 தோல்வி, முதலில் ஆர்சனல், பிறகு யுனைடெட். ஆர்சனலுக்கு எதிராக ஷியரர் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 1999 ஆகஸ்டில் அப்போதைய மேனேஜர் ரூட் குல்லிட் அவரை சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் வெளியே உட்காரவைத்தார். கொட்டும் மழையில் 2-1 தோல்வி, அந்த வாரமே குல்லிட் விலகினார். புது மேனேஜராக பாபி ராப்சன் வந்து சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம்: ஷெஃபீல்டு வெட்னஸ்டேயை 8-0, ஷியரர் ஐந்து.

குல்லிட் காலத்தில் ஷியரர் கோலுக்கு முதுகைக் காட்டியபடி, துணையின்றி, நடுக்கோட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். ராப்சன் அவரைத் திருப்பி, பாக்ஸுக்குள் அனுப்பினார். பிடிக்க வேண்டிய இடத்தில் பிடி, முடிக்க வேண்டிய இடத்தில் முன்னால் பார்த்து நில் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார்.

புதுக்காலணி

முதுகில் ஆளை வைத்துப் பந்தைப் பிடிப்பது என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அதை எப்படிச் செய்தார்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

ஆறுகெஜம்

2001இலிருந்து 2004 வரை எந்த ஆட்டத்தை எடுத்தாலும் தெரியும். இப்படிப் பார்.

பந்து காற்றில் வரும்போது இளம் ஃபார்வர்டுகள் பந்தைப் பார்த்து ஓடுவார்கள். ஷியரர் முதலில் டிஃபெண்டரைத் தேடுவார். பந்து வந்து சேரும் முன்பே பின்னால் ஓர் அடி போய் அவர் மேல் சாய்ந்து, அவர் குதிக்க வேண்டிய இடத்தில் தான் நின்றுவிடுவார். டிஃபெண்டருக்கு எழும்ப ஓட்டம் வேண்டும், அந்த ஓட்டத்துக்கு இடம் இருக்காது. ஆறடி ஆள் தன்னைவிட உயரமானவர்களை வென்றது இந்த ஒரு அடியால்தான்.

அடுத்தது முழங்கால். மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, பின்பக்கத்தை வெளியே தள்ளுவார். இதனால் டிஃபெண்டரின் காலுக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு முழு உடம்பின் தூரம் வரும். கைகள் விலகியிருக்கும், ஆனால் முழங்கை தோளுக்குக் கீழே. கை தள்ளுவதற்கு அல்ல, டிஃபெண்டர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று தொட்டு அறிவதற்கு.

பந்தைத் தொலைவில் உள்ள காலால் தொடுவார். டிஃபெண்டர் வலப்பக்கம் சாய்ந்தால் இடக்காலால். முதல் தொடுதல் கால்களுக்கு அடியில் சாகாது, அரை அடி பக்கவாட்டில் நகரும். அந்த நகர்வில்தான் திரும்புவார். 2004 ஏப்ரலில் செல்சிக்கு எதிரான கோலைப் பார். முதுகில் மார்செல் டெசாய். திரும்பினார், தூரத்திலிருந்தே மேல் மூலைக்கு அடித்தார். அப்போது அவருக்கு வயது 33.

எங்கே தப்பாகும்? மூன்று இடத்தில். ஒன்று, முழு எடையையும் டிஃபெண்டர் மேல் போட்டால், அனுபவசாலி சட்டென்று ஓர் அடி விலகுவார், நீ மல்லாந்து விழுவாய், நடுவர் சிரித்தபடி ஆட்டத்தைத் தொடரச் சொல்வார். எடையில் பாதிதான் பின்னால் போக வேண்டும். இரண்டு, பாதம் முழுக்கத் தரையில் பதிந்தால் திரும்ப முடியாது, முன்பாதத்தில் நிற்க வேண்டும். மூன்று, கை தோளுக்கு மேலே போனால் ஃபவுல்.

இது ஒருவர் தனியாகச் செய்து பயனில்லை. 2001இல் கிரெய்க் பெல்லமி வந்த பிறகுதான் இது கோலாக மாறியது. பெல்லமியின் வேகத்துக்குப் பயந்து டிஃபெண்டர்கள் ஐந்து கெஜம் பின்னால் நிற்பார்கள், அந்த ஐந்து கெஜத்தில் ஷியரர் பந்தைப் பிடிப்பார். இடப்பக்கம் லோரான் ரொபேர், வலப்பக்கம் நோல்பெர்டோ சொலானோ. கொடுத்துவிட்டு ஷியரர் பாக்ஸுக்கு நடந்தே போவார், ஏனென்றால் கிராஸ் வர நேரமாகும் என்று அவருக்குத் தெரியும். அந்த சீசன் 23 கோல், நான்காம் இடம். அடுத்த சீசன் மூன்றாம் இடம்.

மூலைக்கொடி

எல்லாம் சரி, ஆனால் முழங்கை பற்றி நீங்கள் எழுதியது கொஞ்சம் தாராளம். தோளுக்கு மேலே எத்தனையோ முறை போயிருக்கிறது. 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக சோல் கேம்பெல் தலையால் அடித்தது செல்லாமல் போனது எதனால்? கீப்பர் ரோவா மேல் ஷியரரின் கை. இங்கிலாந்து பத்து பேரோடு ஆடிக்கொண்டிருந்த நேரம், அந்தக் கோல் நின்றிருந்தால் காலிறுதி. இன்றைய வீடியோ நடுவர் முறையில் அவருடைய ஹெடர்களில் எத்தனை நிற்கும்?

ஆறுகெஜம்

ரோவா விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், அந்த முடிவு சரியான முடிவு. என் வாதம் வேறு: வெளிக்களத்தில் பந்தைப் பிடிக்கும்போது கை தாழ்ந்திருக்கும், பாக்ஸுக்குள் எழும்பும்போது உயரும். இரண்டும் வேறு வேலை. வீடியோ முறை வந்திருந்தால் சில கோல் குறைந்திருக்கும். அதே முறையில் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்ததற்குப் பெனால்டிகளும் கூடியிருக்கும். அந்தக் காலத்து ஸென்டர் பேக்குகள் ஒன்றும் சாதுக்கள் இல்லை.

ரோவர்ஸ்95

வாழ்நாளில் முதல் சிவப்பு அட்டை 1999 ஆகஸ்டில், ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக. அதுவரை பதினோரு வருட ஆட்டம். இதையும் சேர்த்து எடை போடுங்கள்.

புதுக்காலணி

பெனால்டி எப்படி எடுப்பார்?

ஒன்பதாம் எண்

நீள ஓட்டம், நிறுத்தம் கிடையாது, வேகம் முதலில், இடம் பிறகு. பந்தை வைக்கும்போதே பக்கத்தை முடிவு செய்துவிட்டு, கீப்பரைப் பார்க்காமல் அடிப்பது அவர் பாணி. கீப்பர் சரியான பக்கம் பாய்ந்தாலும் கையைத் தாண்டிப் போகும் வேகம் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. இதில் உள்ள ஆபத்து: பலத்துக்காக உடம்பு பின்னால் சாய்ந்தால் பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேல் போகும். அதனால் ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பின்தங்கக் கூடாது, மார்பு பந்தின் மேல் கவிய வேண்டும்.

67இல் 56 என்பது சுமார் 84 விழுக்காடு. நல்ல எண், ஆனால் லெ டிசியே தரம் இல்லை. ஷியரரின் உண்மையான மதிப்பு ஷூட்-அவுட்டில் (சமனான ஆட்டத்தைப் பெனால்டிகளால் தீர்ப்பது) தெரியும். 1996இல் ஸ்பெயின், 1996இல் ஜெர்மனி, 1998இல் அர்ஜென்டினா: மூன்றிலும் இங்கிலாந்தின் முதல் உதை அவருடையது, மூன்றும் கோல். அவர் அடித்த மூன்றில் இங்கிலாந்து இரண்டில் தோற்றது என்பது வேறு விஷயம்.

டைன்கரை

இங்கிலாந்து பற்றி ஒரு வரி போதாது. 63 ஆட்டம், 30 கோல், 34 முறை கேப்டன். டாம் ஃபின்னியும் நாட் லாஃப்ட்ஹவுஸும் அதே 30இல்தான் நிற்கிறார்கள்.

1996 யூரோவுக்கு (ஐரோப்பிய நாடுகளின் கோப்பைப் போட்டி) முன் 12 ஆட்டம், 21 மாதம், ஒரு கோல்கூட இல்லை. போட்டியை நடத்தும் நாடு என்பதால் தகுதிச்சுற்று கிடையாது, எல்லாம் நட்பு ஆட்டம். மேனேஜர் டெர்ரி வெனபிள்ஸ் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு புது அமைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஷியரருக்குப் பழக்கமான கிராஸ் அதில் வரவே இல்லை. பத்திரிகைகள் ஆளை மாற்றச் சொன்னன. வெனபிள்ஸ் மாற்றவில்லை. போட்டியில் ஷியரர் சுவிட்சர்லாந்துக்கு ஒன்று, ஸ்காட்லாந்துக்கு ஒன்று, நெதர்லாந்துக்கு இரண்டு, ஜெர்மனிக்கு மூன்றாம் நிமிடத்தில் ஒன்று. ஐந்து கோல், போட்டியிலேயே அதிகம்.

நெதர்லாந்துக்கு எதிரான அவருடைய இரண்டாவது கோலில் சக ஃபார்வர்டு ஷெரிங்ஹாமைப் பாருங்கள். அடிப்பது போலக் காட்டி, வலப்பக்கம் தட்டிவிடுகிறார். ஷியரர் அந்த இடத்துக்கு வேகமாக ஓடி வரவில்லை, முன்பே அங்கே நிற்கிறார். சட்டனோடு இருந்த அதே ஏற்பாடு, ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

2000 யூரோவோடு தேசிய அணியை விட்டார், வயது 29. ஷார்லராவில் ஜெர்மனியை 1-0 வென்ற அந்தத் தூரக் கம்ப ஹெடர் அவருடையது. 1966க்குப் பிறகு பெரிய போட்டிகளில் ஜெர்மனிக்கு எதிரான முதல் வெற்றி அது. சீக்கிரம் விட்டார் என்று குறை சொல்பவர்கள், அதற்கு அடுத்த சீசனே முழங்கால் கெட்டு 19 ஆட்டம்தான் ஆடினார் என்பதைப் பாருங்கள். தேசிய அணியை விடாமல் இருந்திருந்தால் 2001-02இன் 23 வந்திருக்காது.

மூலைக்கொடி

யுனைடெட்டுக்குப் போயிருந்தால் பத்துப் பதக்கம். 1992இலும் 1996இலும் அதன் மேனேஜர் ஃபெர்குசன் கேட்டார், இரண்டு முறையும் ஷியரர் மறுத்தார். ஆட்டக்காரனை எடை போடும்போது கோப்பைக்கு மதிப்பு இல்லையா?

ரோவர்ஸ்95

1992 மறுப்புக்கு அவர் லீக் வென்றார், யுனைடெட்டையே ஒரு புள்ளியில் தாண்டி. ஆகவே அது தவறான முடிவு என்று சொல்ல இடமில்லை. அவர் கிடைக்காத யுனைடெட் நவம்பரில் கான்டோனாவை எடுத்தது. இரண்டு பக்கமும் நஷ்டம் இல்லை.

1996 மறுப்பில் கோப்பைக் கணக்கு உங்கள் பக்கம். மறுக்கவில்லை. ஆனால் 1997 கணுக்கால் முறிவை யுனைடெட் சட்டையில் வைத்து யோசியுங்கள். அரை சீசன் இல்லாத, வேகம் போன ஃபார்வர்டுக்காக அந்தக் கிளப் ஒரு முழு அணியைத் திருத்தி அமைத்திருக்குமா? 1998இலேயே டுவைட் யார்க்கை வாங்கி வந்தார்கள். நியூகாசில் காத்திருந்தது. இரண்டாம் ஷியரருக்கு இடம் கொடுத்த ஊர் அதுதான்.

கணக்குப்பிள்ளை

நியூகாசில் கணக்கை முடித்துவிடுகிறேன். எல்லாப் போட்டியும் சேர்த்து 206: லீக் 148, எஃப்.ஏ. கோப்பை 21, லீக் கோப்பை 7, ஐரோப்பா 30. கிளப்பின் பழைய சாதனையாளர் ஜாக்கி மில்பர்னின் 200ஐ 2006 ஜனவரியில் மான்ஸ்ஃபீல்டுக்கு எதிராகச் சமன் செய்து, பிப்ரவரி 4இல் போர்ட்ஸ்மவுத்துக்கு எதிராகத் தாண்டினார். மில்பர்ன் போர்க்கால லீக்கில் அடித்தவை இந்த 200இல் சேராது, அதனால் பழைய தலைமுறைக்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அதேபோல 260 என்பது 1992க்குப் பிறகு மட்டும். சவுத்தாம்ப்டனின் 23ஐச் சேர்த்தால் முதல் தர லீக்கில் 283. அந்தப் பட்டியலில் கிரீவ்ஸ் 357, ஸ்டீவ் புளூமர் 314, டிக்ஸி டீன் 310, கார்டன் ஹாட்ஜ்சன் 287. அப்புறம்தான் ஷியரர். ‘எல்லாக் காலத்திலும் அதிகம்’ என்று எழுதுபவர்கள் தயவுசெய்து ‘பிரீமியர் லீக்கில்’ என்று சேர்த்து எழுதுங்கள். கிரீவ்ஸுக்கு நாம் செய்யும் மரியாதை அது.

கடைசிக் கோல் 2006 ஏப்ரல் 17, சண்டர்லாந்தில், பெனால்டி. நியூகாசில் 4-1. அதே ஆட்டத்தில் முழங்கால் தசைநார் போனது. சீசனில் மூன்று ஆட்டம் மீதி இருந்தது.

புதுக்காலணி

மேனேஜராகவும் இருந்தாரே?

டைன்கரை

2009 ஏப்ரலில், எட்டு ஆட்டம். ஒரு வெற்றி, இரண்டு டிரா, ஐந்து தோல்வி. கடைசி நாள் வில்லா பார்க்கில் 1-0 தோற்று நியூகாசில் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. எட்டு ஆட்டத்தை வைத்து யாரையும் மேனேஜர் என்று எடை போட முடியாது, அதனால் இந்த இழையில் அதைத் தொடர வேண்டாம்.

புதுக்காலணி

சரி அண்ணா. நிறையத் தெரிந்துகொண்டேன். எந்த ஆட்டங்களைப் பார்த்தால் இந்த இரண்டு ஷியரரும் தெரிவார்கள்?

ஆறுகெஜம்

முதலாமவருக்கு 1996 நெதர்லாந்து ஆட்டமும், 1997 பிப்ரவரி லெஸ்டர் ஆட்டமும். லெஸ்டருக்கு எதிராக 3-1 பின்தங்கிய நிலையில் கடைசி 13 நிமிடத்தில் ஹாட்ரிக், 4-3. முறிவுக்கு ஆறு மாதம் முந்தையது.

இரண்டாமவருக்கு 2002 டிசம்பர் எவர்ட்டன் ஆட்டம். ஷோலா அமியோபி தலையால் இறக்கிவிட்ட பந்தைத் தரையில் விழ விடாமல் வெகு தூரத்திலிருந்து வாலியாக அடித்த கோல். பிறகு 2003 மார்ச்சில் மிலானில் இன்டருக்கு எதிராக 2-2. இரண்டு கோலும் அவர், இரண்டும் கோலுக்குக் கிட்டே நின்று தட்டியவை. அந்த ஆட்டத்தில் கோல்களைத் தள்ளி வைத்துவிட்டுப் பார். பந்து நியூகாசில் கீப்பரின் கையில் இருக்கும்போது ஷியரர் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனி. ஒவ்வொரு முறையும் கையால் தடவி ஸென்டர் பேக்கைத் தேடிக்கொண்டிருப்பார்.